வேலையைத் தொடங்கும் நொடிக்கு அறிதுயில்: நேர ஒழுங்கைப் பழக்கிக்கொள்ள ஒரு வழிமுறை

ஜிஎஸ்டி கணக்கு எழுதித் தாக்கல் செய்து கொடுப்பது என் தொழில். மாதந்தோறும் தாக்கல் செய்யும் வியாபாரிகளுக்கு 20ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர் 3பி படிவம் போய்ச் சேர வேண்டும்; தவறினால் நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணமும், கட்டாத வரிக்கு ஆண்டுக்கு 18 விழுக்காடு வட்டியும் விழும். இது நன்றாகத் தெரிந்திருந்தும், கடைக்காரர்கள் பில்களைத் திணித்துக் கொடுத்தனுப்பும் மஞ்சள் பைகள் 5ஆம் தேதியே என் மேசையருகே வந்துவிட்டாலும், பல ஆண்டுகளாக 16ஆம் தேதி வரை அவற்றின் முடிச்சை நான் அவிழ்த்ததில்லை. நேரம் இருந்தது. பைக்குள் காத்திருக்கும் எழுத்து மங்கிய தெர்மல் பில்களையும், தேதியில்லாத ரசீதுகளையும், "அக்கா, அந்த பில்லைத் தேடிட்டுச் சொல்றேன்" என்று முடியப்போகும் தொலைபேசிப் பேச்சுகளையும் எதிர்கொள்ளத்தான் மனம் வரவில்லை. அந்த மனமின்மையை மறைக்க மேசையைத் துடைத்தேன், பழைய கோப்புகளை அடுக்கினேன், செய்தி படித்தேன்.

தள்ளிப்போடுதலை ஆராய்ந்த ஃபியூஷியா சிரோயிஸ், திமதி பிச்சில் ஆகிய உளவியலாளர்கள் 2013இல் எழுதிய கட்டுரையில் இதையே விளக்கியிருக்கிறார்கள்: வேலையைத் தள்ளிப்போடுகிறவர், அந்த வேலை தரும் கசப்பான உணர்விலிருந்து அப்போதைக்குத் தப்பித்துக்கொள்கிறார். சிக்கல் உணர்வில் இருக்கும்போது, எவ்வளவு அழகான கால அட்டவணை போட்டாலும் அது சுவரில்தான் தொங்கும். நேர ஒழுங்குக்கு அறிதுயில், அதாவது ஹிப்னாடிசம், உதவக்கூடிய இடமும் இங்கேதான் இருக்கிறது. அது குறுகிய இடம். வேலையைத் தொடங்க வேண்டிய அந்த ஒரு நொடி. அந்த நொடியை மட்டும் குறிவைத்து எப்படிப் பயிற்சி செய்வது என்பதையே இங்கே விரிவாக எழுதுகிறேன்.

அறிதுயில் என்றால் என்ன

ஹிப்னாடிசம் என்ற சொல்லைப் பரப்பியவர் மான்செஸ்டரில் பணியாற்றிய ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர் ஜேம்ஸ் பிரெய்ட். 1843இல் அவர் இதைப் பற்றி நூல் எழுதியபோது உறக்கத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பெயர் வைத்தார். இது உறக்கமே அன்று, ஒரே எண்ணத்தில் மனம் குவிந்து நிற்கும் நிலை என்று தெளிந்த பிறகு வேறு பெயர் வைக்க முயன்றார். அதற்குள் பழைய பெயர் நிலைத்துவிட்டது. அவருக்கும் முன்பே, கோவாவின் கண்டோலிமில் 1756இல் பிறந்து, 1813இல் பாரிஸ் நகரில் பொதுமக்கள் முன் செய்துகாட்டிய ஃபாரியா பாதிரியார், இதில் செயல்படும் ஆற்றல் செய்பவரிடம் இல்லை, செய்யப்படுபவரின் மனத்திலேயே இருக்கிறது என்று சொல்லியிருந்தார். தனியே அமர்ந்து நமக்கு நாமே இதைச் செய்துகொள்ள முடிவது அதனால்தான்.

தமிழில் மனவசியம் என்ற சொல்லும் வழங்குகிறது. அது யாரோ நம்மை மயக்கிக் கட்டிப்போடுவதைப் போன்ற அச்சத்தைத் தருவதால் நான் அதைப் பயன்படுத்துவதில்லை. திருவரங்கத்தில் பாம்பணைமேல் கிடப்பவரின் உறக்கத்துக்கு நம் மொழி வைத்த அறிதுயில் என்ற பெயர் இதற்கு அப்படியே பொருந்துகிறது. அதிகாலையில் புள்ளிக் கோலம் போட்டுக்கொண்டிருக்கும் பெண்மணியைப் பாருங்கள். இழை எந்தப் புள்ளியைச் சுற்றித் திரும்ப வேண்டும் என்பதிலேயே கண்ணும் கையும் ஒன்றியிருப்பதால், பால்காரர் வந்து பின்னால் நிற்பதை அவர் கவனிப்பதில்லை; ஆனால் உள்ளே குழந்தை அழுதால் அடுத்த நொடியே எழுந்துவிடுவார். கவனம் குவிந்திருக்கிறது, சுற்றுப்புறம் மங்கியிருக்கிறது, தன்வயம் மட்டும் போகவில்லை. இந்த நிலையில் மனத்துக்குச் சொல்லப்படும் சொல்லுக்குக் கருத்தேற்றம் என்று பெயர்.

எல்லோருக்கும் இது ஒரே அளவில் கைவராது. 1959இல் வெளிவந்த ஸ்டான்ஃபோர்டு அளவுகோலை வைத்துச் சோதித்தவர்கள் கண்டது, ஏறத்தாழ 10 முதல் 15 விழுக்காட்டினர் மிக எளிதாக ஆழ்ந்துவிடுகிறார்கள், அதே அளவினருக்கு மிகக் குறைவாகவே இது அமைகிறது, மற்றவர்கள் இடைப்பட்டவர்கள் என்பதாகும். வலி, குடல் எரிச்சல் நோய் போன்றவற்றில் அறிதுயிலுக்கு நல்ல சான்றுகள் இருக்கின்றன. பழக்கத்தை மாற்றுவதில் அது துணைக் கருவி. எர்விங் கிர்ஷும் உடனாய்வாளர்களும் 1995இல் 18 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, எண்ணங்களையும் செயல்களையும் மாற்றப் பழக்கும் அறிவுசார் நடத்தைச் சிகிச்சையோடு அறிதுயிலையும் சேர்த்துப் பெற்றவர்களில் சராசரி ஒருவர், அது இல்லாமல் சிகிச்சை பெற்றவர்களில் 70 விழுக்காட்டினரைவிட நன்றாக முன்னேறியிருந்தார். உடல் எடைக் குறைப்பைப் பற்றிய பகுதியை மட்டும் அடுத்த ஆண்டே மறுபடி கணக்கிட்டவர்கள், பலன் சிறியது என்றார்கள். ஆகவே நடத்தையை மாற்றும் ஒரு முறையை முதலில் கையில் எடுத்து, அதை மனத்தில் ஊன்றுவதற்கு அறிதுயிலைப் பயன்படுத்துவதே சரியான வரிசை.

முதல் வாரம்: எழுதிப் பார்ப்பது மட்டும்

முதல் வாரத்தில் கண்ணை மூடி உட்காரவே வேண்டாம். தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் போதும். ஏதாவது ஒரு வேலையை மட்டும் எடுத்துக்கொண்டு, எத்தனை மணிக்குத் தொடங்க நினைத்தீர்கள், எத்தனை மணிக்குத் தொடங்கினீர்கள், இடையில் கை எதைத் தொட்டது, அப்போது உடம்பில் என்ன தோன்றியது என்று நான்கு குறிப்புகளை எழுதுங்கள். நான்காவதை விட்டுவிடாதீர்கள். என் தாளில் ஏழில் ஐந்து நாள் "தொண்டையில் இறுக்கம், எழுந்து தண்ணீர் குடித்தேன்" என்று இருந்தது. அந்த இறுக்கம்தான் பின்னால் நான் எழுதிய கருத்தேற்றத்தின் நடுப்பகுதியாயிற்று.

வார முடிவில் தாள்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் உங்கள் நேரம் எங்கே கசிகிறது என்பது தெரியும். தொடங்கத் தாமதமாவது ஒரு வகை. தொடங்கிய பின் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை கைப்பேசிக்குத் தாவுவது இன்னொரு வகை. இந்த இரண்டுக்கும் அறிதுயில் உதவும். மூன்றாவது வகை, வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பதைக் குறைத்துக் கணக்கிடுவது. இதற்கு அறிதுயில் உதவாது. 1994இல் வெளியான ஓர் ஆய்வில், இறுதியாண்டு ஆய்வேட்டை எழுதிக்கொண்டிருந்த மாணவர்கள் சராசரியாக 33.9 நாளில் முடிப்போம் என்று கணித்தார்கள், முடிக்க 55.5 நாள் ஆனது. நம்பிக்கையோடு கண்ணை மூடினால் இந்தக் குறை கூடத்தான் செய்யும். கடந்த மாதங்களில் அதே வேலைக்கு ஆன நேரத்தைப் பார்த்து அதையே இந்த மாதத்துக்கும் வைத்துக்கொள்வதே இதற்கு மருந்து. ஒரு பைக்கு இரண்டு மணி நேரம் என்று நான் மனக்கணக்குப் போட்டிருந்தேன். கடிகாரம் வைத்துப் பார்த்தபோது மூன்று மணி இருபது நிமிடம் ஆனது. அன்று முதல் ஒரு நாளைக்கு இரண்டு பைக்கு மேல் நான் வாக்குக் கொடுப்பதில்லை.

வாக்கியத்தை அமைப்பது

இந்தப் பயிற்சியின் பலன் பெரும்பாலும் இந்தப் பகுதியைப் பொறுத்தது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வார இறுதிப் பயிற்சி வகுப்பில் பணம் கட்டிச் சேர்ந்து, "நான் நேரத்தின் அதிபதி, என் ஒவ்வொரு நிமிடமும் பொன்" என்ற ஒலிப்பதிவை வாங்கி வந்து, நாற்பது இரவுகள் கேட்டேன். கேட்கும்போது இதமாக இருந்தது. மறுநாள் காலையில் பை பழைய இடத்திலேயே இருந்தது. அந்த வாக்கியத்தில் பையும் இல்லை, காலையும் இல்லை, கை செய்ய வேண்டிய செயலும் இல்லை என்பதைப் பிறகுதான் உணர்ந்தேன்.

ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் வகுத்த "இது நடந்தால் இதைச் செய்வேன்" என்ற திட்டமுறை இந்த இடத்தை நிரப்புகிறது. அவரும் பாஸ்கல் ஷீரனும் 2006இல் 94 சோதனைகளைத் தொகுத்து, வெறும் நோக்கம் வைத்திருப்பதைவிட இப்படி நிகழ்வோடு செயலைக் கட்டிவைப்பது குறிப்பிடத்தக்க அளவு பயன் தருகிறது என்று காட்டினார்கள். நிகழ்வு என்பது தவறாமல் நடப்பதாகவும், கண்ணால் பார்க்கவோ காதால் கேட்கவோ கூடியதாகவும் இருக்க வேண்டும். "ஒன்பதரை மணிக்கு" என்பதைவிட "காபி குடித்த டம்ளரை டபராவில் வைக்கும் சத்தம் கேட்டதும்" என்பது வலிமையானது, ஏனென்றால் மணியை நாம் பார்க்காமல் இருந்துவிடலாம், டம்ளரைக் கீழே வைக்காமல் இருக்க முடியாது. செயல் என்பது இரண்டு நிமிடத்துக்குள் முடியும் முதல் அசைவாக இருக்கட்டும். "கணக்கு முழுவதையும் முடிப்பேன்" என்று மனத்திடம் சொன்னால் அது மறுத்துவிடும். "முடிச்சை அவிழ்த்து முதல் கட்டு பில்லை மேசையில் வைப்பேன்" என்றால் மறுக்க அதற்குக் காரணம் கிடைப்பதில்லை.

எதிர்மறைச் சொற்களைத் தவிர்க்க வேண்டும். "இனி கைப்பேசியைத் தொட மாட்டேன்" என்ற வாக்கியம் மனத்தில் முதலில் கைப்பேசியின் படத்தையே எழுப்பும். அதற்குப் பதிலாக, கை எங்கே இருக்கும் என்பதைச் சொல்லுங்கள்: "என் இடக்கை பில்லின்மேல் இருக்கிறது, வலக்கையில் பேனா இருக்கிறது." கசப்பு இருக்காது என்றும் சொல்லாதீர்கள், அது பொய்; கசப்பு வரும், வந்த பிறகும் கை தொடரும் என்று சொல்லுங்கள். இன்னொன்று, வாக்கியம் உங்கள் வீட்டுப் பேச்சில் இருக்கட்டும். நான் கீழே எழுத்துத் தமிழில் தருவதை, கொங்குப் பேச்சோ நெல்லைப் பேச்சோ யாழ்ப்பாணப் பேச்சோ, உங்கள் காதுக்குப் பழகிய மொழிக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

அமர்வு

ஒரு நாளைக்கு ஒரு முறை, 12 முதல் 15 நிமிடம் போதும். முன்னிரவு உணவுக்கு முன்னாலோ அதிகாலையிலோ செய்யலாம்; படுக்கையில் படுத்துச் செய்தால் பெரும்பாலும் உறங்கிவிடுவீர்கள், ஆகவே முதுகைத் தாங்கும் நாற்காலியில் பாதங்கள் தரையில் படும்படி அமருங்கள். வண்டி ஓட்டும்போதோ அடுப்பில் ஏதாவது வைத்துவிட்டோ ஒலிப்பதிவைக் கேட்கவே கூடாது.

பிரெய்ட் தன் அறுவைக் கத்தி உறையை எதிரிலிருப்பவரின் கண்களுக்குச் சற்று மேலே பிடித்து உற்றுப் பார்க்கச் சொல்வார். நமக்குச் சுவரில் கண்மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே ஒட்டிய ஒரு பொட்டு போதும். தலையை நிமிர்த்தாமல் கண்ணை மட்டும் உயர்த்திப் பார்ப்பதால் இமைகள் விரைவில் களைக்கும். அந்தக் களைப்பையே வாயிலாகப் பயன்படுத்துகிறோம். கீழே உள்ளதை உங்கள் குரலிலேயே கைப்பேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள். வழக்கமாகப் பேசும் வேகத்தில் பாதி வேகம் போதும். ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பின்னும் ஒரு மூச்சு இழுத்துவிடும் அளவுக்கு இடைவெளி விடுங்கள். எண்ணிக்கையின் ஒவ்வோர் எண்ணுக்கும், காட்சியின் ஒவ்வொரு கட்டத்துக்கும் இன்னும் நீண்ட இடைவெளி வேண்டும்.

"பொட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மூச்சு வருகிறது, போகிறது. இமைகள் கனக்கின்றன, கனத்ததும் மூடிக்கொள்கின்றன. நெற்றி தளர்கிறது. தாடை தளர்கிறது. தோள்கள் இறங்குகின்றன. கைகள் தொடைமேல் கனமாக, வெதுவெதுப்பாகக் கிடக்கின்றன. பாதங்கள் தரையில் படிந்திருக்கின்றன. குளத்துப் படிக்கட்டின் மேல்படியில் நிற்கிறேன்; பத்துப் படிகள். பத்து, ஒரு படி இறங்குகிறேன். ஒன்பது, இன்னும் அமைதி. எட்டு. ஏழு. ஆறு, வெளிச் சத்தங்கள் தூரத்தில் இருக்கின்றன. ஐந்து. நான்கு. மூன்று. இரண்டு. ஒன்று, பாதத்தில் குளிர்ந்த நீர் படுகிறது.

நாளைக் காலை. கையில் காபி டம்ளரின் சூடு. கடைசி மிடறு குடிக்கிறேன். டம்ளரை டபராவில் வைக்கிறேன், சத்தம் கேட்கிறது. சத்தம் கேட்டதும் என் கை பையின் முடிச்சுக்குப் போகிறது. துணியின் சொரசொரப்பு விரலில் தெரிகிறது. முடிச்சு அவிழ்கிறது. தொண்டை இறுகுகிறது, இறுகட்டும், எனக்குத் தெரிந்த இறுக்கம்தான். ஒரு மூச்சு விடுகிறேன். ரப்பர் பேண்டைக் கழற்றுகிறேன். முதல் பில்லின் தேதியைப் படிக்கிறேன். எழுதுகிறேன். சத்தம் கேட்டதும் கை முடிச்சுக்குப் போகிறது.

ஏதாவது ஒரு நாள் தவறினாலும் அடுத்த நாளின் சத்தம் என்னைக் கூப்பிடும். இப்போது ஐந்து வரை எண்ணுவேன். ஒன்று, இரண்டு, கையில் தெம்பு வருகிறது. மூன்று, நான்கு, நாற்காலியை உணர்கிறேன். ஐந்து, கண் திறக்கிறேன்."

நடுவில் உள்ள காலைக் காட்சியை மட்டும் மூன்று முறை திருப்பிச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். எழுந்ததும் உண்மையான டம்ளரை எடுத்து, டபராவில் வைத்து, கையைப் பைக்குக் கொண்டுபோய் ஒரு முறை செய்து பாருங்கள். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். என் அனுபவத்தில், காட்சியாகப் பார்த்ததை உடனே உடம்பாலும் செய்த வாரங்களில்தான் பழக்கம் வேகமாகப் பிடித்தது.

வழக்கமாக எழும் ஐயங்கள்

"நான் உண்மையில் அந்த நிலைக்குப் போனேனா?" என்று முதல் வாரத்தில் எல்லோரும் கேட்கிறார்கள். எல்லாச் சத்தமும் கேட்டதே, எல்லாம் நினைவிருக்கிறதே என்று தயங்க வேண்டாம், அப்படித்தான் இருக்கும். நடுவில் வேறு எண்ணங்கள் வந்தால் அவற்றோடு மல்லுக்கு நிற்காமல், படிக்கட்டில் விட்ட எண்ணிலிருந்து தொடருங்கள். மனத்தில் படம் எழும்பாதவர்கள் சிலர் உண்டு. அவர்கள் டம்ளரின் சத்தத்தையும் துணியின் தொடு உணர்வையும் மட்டும் பிடித்துக்கொண்டால் போதும். பதினைந்து நாள் செய்தும் தளர்வுகூட வரவில்லை என்றால், எளிதில் ஆழாத பிரிவில் நீங்கள் இருக்கலாம். அதனால் இழப்பு பெரிதில்லை: டம்ளர் வாக்கியத்தைத் தாளில் எழுதி மேசையில் ஒட்டி, காலையில் ஒரு முறை உரக்கப் படித்துவிட்டுச் செய்யுங்கள். அந்தத் திட்டமுறை அறிதுயில் இல்லாமலும் வேலை செய்யும்.

லண்டனில் ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வில், ஒரு புதிய செயல் தானாக நடக்கும் அளவுக்குப் பழக்கமாகச் சராசரி 66 நாள் ஆயிற்று. ஆளுக்கு ஆள் அது 18 முதல் 254 நாள் வரை வேறுபட்டது. இடையில் ஒரு நாள் தவறியது பழக்கத்தைக் கலைத்துவிடவில்லை. ஒலிப்பதிவை முதல் மூன்று வாரம் நாள்தோறும் கேளுங்கள். பிறகு வாரத்துக்கு இரண்டு முறை போதும், மற்ற நாட்களில் டம்ளரை வைக்கும் முன் கண்ணை மூடி மூன்று மூச்சு விட்டுக் காட்சியை ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். காலண்டர் தாளில் தொடங்கிய நேரத்தை மட்டும் தொடர்ந்து எழுதிவாருங்கள். மனநிறைவை நம்பாதீர்கள், அந்த எண்ணை நம்புங்கள். நான்கு வாரத்துக்குப் பின்னும் எண் அசையவில்லையானால் நிகழ்வை மாற்றுங்கள், அல்லது முதல் அசைவை இன்னும் சிறிதாக்குங்கள்.

யார் தனியே செய்யக் கூடாது

மனச்சிதைவு போன்ற நோய் இருந்தவர்கள், வலிப்பு நோய் உள்ளவர்கள், கடுமையான அதிர்ச்சியிலிருந்து மீளாதவர்கள் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடங்க வேண்டாம். சிறு வயதிலிருந்தே நேரம் போவதே தெரியாமல், எதையும் முடிக்க முடியாமல், பொருள்களைத் தொலைத்துக்கொண்டு இருப்பவருக்குக் கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறு (ஏடிஎச்டி) இருக்கக்கூடும். பல வாரங்களாக எதிலும் நாட்டமில்லாமல் உறக்கமும் கெட்டிருப்பவருக்கு மனச்சோர்வு இருக்கக்கூடும். இவற்றைச் சோம்பல் என்று எண்ணி ஒலிப்பதிவு கேட்டுக்கொண்டிருப்பது, கிடைக்க வேண்டிய சிகிச்சையைத் தள்ளிப்போடுவதாகும். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணான 14416இல் தமிழிலேயே பேசி, அடுத்து யாரைப் பார்ப்பது என்று கேட்கலாம்.

சிகிச்சையாளரிடம் போக விரும்பினால், மனநல மருத்துவராகவோ இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளராகவோ இருக்கிறாரா என்று முதலிலேயே கேளுங்கள். கேட்பதில் தவறேதும் இல்லை, தகுதியுள்ளவர் முகம் சுளிக்க மாட்டார். அறிதுயில் இல்லாமலும் உங்கள் சிக்கலுக்குச் சிகிச்சை தரத் தெரிந்தவரே அறிதுயிலைக் கையாளத் தகுந்தவர். ஒரே அமர்வில் சோம்பலை வேரோடு பிடுங்குவேன் என்பவரிடமிருந்தும், உங்கள் தாமதத்துக்கு முற்பிறவியில் காரணம் தேடுபவரிடமிருந்தும் எழுந்து வந்துவிடுங்கள். அறிதுயிலில் "மீட்டெடுத்த" நினைவுகள் எளிதில் கற்பனையாக அமைந்துவிடும், அவை உண்மை போலவே மனத்தில் தங்கியும்விடும்.

முதல் பழக்கம் நின்ற பிறகே இரண்டாவதை எடுத்துக்கொள்ளுங்கள். நான் இரண்டாவதாக எடுத்தது வேலையை நிறுத்தும் நேரம். மாலையில் தெருவிளக்கு எரிந்ததும் எழுதிக்கொண்டிருக்கும் பில்லோடு நிறுத்தி, அந்தக் கட்டுக்கு ரப்பர் பேண்டைப் போட்டு, மறுநாள் தொடங்க வேண்டிய பில்லை மேலாக வைத்து, பையின் வாயை முடிச்சிடாமல் மடித்து மட்டும் வைக்கிறேன்.